ஒரு படத்துக்குப் பதினான்கு விநாடி

நூறம்மா என்றால் ஊரில் உள்ள ஸ்டுடியோக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் அதுவல்ல. எந்தப் படத்தைத் திறந்தாலும் முதல் வேலையாக அதை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி, கண்ணோரத்தில் தொடங்கிக் காது மடல் வரை அங்குலம் அங்குலமாக நகர்த்திப் பார்ப்பாள். திரையில் ஒரு மூக்குத் துவாரம் மட்டும் கிணறு போலத் தெரியும். "முகம் எங்கம்மா போச்சு?" என்று ஸ்டுடியோக்காரர் கேட்டால், "முகம் எங்கயும் போகாது. மொதல்ல தோலப் பாப்போம்" என்பாள். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்.

படம் திருத்தும் வேலையை அவளுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. காகிதப் படங்களில் விழுந்த தூசிப் புள்ளிகளை மெல்லிய தூரிகையால் மறைப்பதில் ஆரம்பித்தாள். கம்ப்யூட்டர் வந்தபோது, எந்தப் பொத்தான் என்ன செய்யும் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் தன் பாஷையிலேயே எழுதி வைத்துக்கொண்டாள். 'இதைத் தட்டினால் பரு போகும். ரொம்பத் தட்டினால் ஆளே போய்விடுவார்.' பருவை எடுப்பாள், மச்சத்தைத் தொடமாட்டாள். பரு அடுத்த வாரம் தானாகப் போய்விடும், மச்சம் அந்த ஆளுடையது என்பது அவள் கணக்கு. முப்பது வருடமாக அந்தக் கணக்கு மாறவில்லை.

கணவர் போன பிறகு அக்காவுடன்தான் இருந்தாள். மூன்றாவது மாடியில் இரண்டு அறை. முன்னறையில் ஜன்னலுக்கு முதுகு காட்டி ஒரு மேஜை, அதில் அவளுடைய பழைய லேப்டாப். வெளிச்சம் திரையில் விழக்கூடாது என்று ஜன்னலில் சாம்பல் நிறத் துணி. "வீடா இது? எக்ஸ்ரே எடுக்குற எடம் மாதிரி இருக்கு" என்பது அக்காவின் தினசரிக் குறை.

அக்கா அவளுக்கு ஆறு வயது மூத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக இருபத்திரண்டு வருடம் இடிபட்ட வண்டிகளைப் படம் எடுத்தாள். நசுங்கிய கதவு, உடைந்த விளக்கு, சக்கரத்துக்கடியில் சிந்திய எண்ணெய். கம்பெனிக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் வேலை முடிந்ததும், வண்டிக்குப் பக்கத்தில் நிற்கும் சொந்தக்காரரை ஒரே ஒரு படம் எடுப்பாள். "சார், அப்படியே நில்லுங்க. இது கம்பெனிக்கு இல்ல, எனக்கு." முந்தின நாள் சாவைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்த முகங்கள். சிலர் சிரித்தார்கள். சிலர் கேமராவைப் பார்த்துவிட்டு, தாங்கள் உயிரோடு இருப்பதை அப்போதுதான் யாரோ சொன்னது போல விழித்தார்கள். அப்படி ஆறாயிரத்து நானூற்றுச் சொச்சம் படங்கள் சேர்ந்திருந்தன. ஓய்வு பெற்றதும் உட்கார்ந்து அதிலிருந்து இருநூறைப் பொறுக்க வேண்டும் என்று வைத்திருந்தாள்.

ஓய்வுக்கு அடுத்த வருடமே பார்வை சுருங்க ஆரம்பித்தது. கண்ணுக்குள் அழுத்தம். ஓரங்களில் தொடங்கி நடுவை நோக்கி இருட்டு வந்துகொண்டிருந்தது. "குழாய் வழியா பாக்குற மாதிரி இருக்கு டாக்டர்" என்றாள் அக்கா.

"போனது திரும்பாதும்மா. இருக்குறத மருந்து கொஞ்ச நாள் பிடிச்சு வைக்கும்."

"கொஞ்ச நாள்னா?"

"மூணு மாசம்னு வச்சுக்கங்க. கூடவும் ஆகலாம், கொறயவும் ஆகலாம். ஒரேயடியா கண்ண வருத்தாதீங்க. இருபது நிமிஷம் பாத்தா போதும், அப்புறம் மூடிக்கங்க."

வெளியே வந்ததும் அக்கா சொன்னாள்: "நம்ம வண்டி ரிப்போர்ட் மாதிரியே பேசுறாருடி. ஓடலாம், ஓடாமலும் போகலாம்."

மறுநாள் காலையே தொடங்கினார்கள். சொட்டு மருந்து விட்டுக் கால் மணி கழித்து அக்காவின் கண் தெளியும். அந்த இருபது நிமிடம்தான் அவளுக்கு உருப்படியான பார்வை. தங்கை படத்தைத் திறப்பாள். அக்கா பார்த்து "வை" என்பாள், அல்லது "தள்ளு" என்பாள்.

"நானே பாத்துப் பொறுக்கித் தரட்டுமாக்கா? நீ கடைசியா ஒரு எரநூறு, முந்நூறு பாத்தா போதும்" என்று நூறம்மா முதல் நாளே கேட்டிருந்தாள்.

"ஒனக்கு என்ன தெரியும்? பரு தெரியும். அந்த ஆளுங்க முன்னாடி நின்னது நானு. நான் பாத்து எடுத்தது, நான் பாத்துத்தான் கழிக்கணும்."

சிக்கல் லேப்டாப்பில் இருந்தது. உள்ளே சுழலும் தட்டு வைத்த பழைய ஹார்ட் டிஸ்க். தொண்டை வரை நிறைந்திருந்தது. ஒரு படத்தைத் தட்டினால் முதலில் மங்கலாக ஏதோ வரும். நடுவில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். படம் தெளிந்து நிற்கப் பதினான்கு விநாடி. நூறம்மா கடிகாரம் வைத்து அளந்திருந்தாள்.

"என்னடி, ஆளு இன்னும் சட்ட மாட்டிட்டு இருக்கானா?" என்று அக்கா மூக்கைத் திரையில் ஒட்டியபடி கேட்பாள்.

"வந்துட்டான், வந்துட்டான். பொறு."

"நான் பொறுப்பேன். கண்ணு பொறுக்கணுமே."

பதினான்கு விநாடி காத்திருப்பு, நான்கு விநாடி பார்வை. ஒரு நாளைக்கு அறுபத்தாறு படம். பதினோரு நாளில் எழுநூற்றிருபத்தாறு பார்த்தார்கள். அக்கா "வை" என்றது முப்பத்தொன்று. மீதியில் இருந்தவை ஏறக்குறைய ஐயாயிரத்து எழுநூறு. இந்த வேகத்தில் இன்னும் எண்பத்தாறு நாள் என்று வந்தது. டாக்டர் சொன்ன மூன்று மாதத்தில் மீதி அவ்வளவு இல்லை.

அன்றே கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவனைக் கூப்பிட்டாள். அவனை எல்லோரும் ஸ்க்ரூ என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கே போனாலும் சட்டைப் பையில் நாலு திருகாணி குலுங்கும். வந்தவன் பையிலிருந்து சூயிங்கம் பட்டை அளவில் ஒரு துண்டை எடுத்து மேஜையில் வைத்தான்.

"இதாம்மா எஸ்.எஸ்.டி., புது மாதிரி டிஸ்க். சுத்துற தட்டெல்லாம் கெடையாது. கையில ஒண்ணே ஒண்ணு இருக்கு. இப்பவே தொறந்து மாட்டிடவா? பழசுல இருக்குறத அப்படியே இதுக்கு ஏத்திட்டா, நாளைக்குக் காலைல படம் பறக்கும்."

நூறம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். "வேகம் ஐந்நூத்தம்பதுன்னு போட்டிருக்கு. மூவாயிரத்தைந்நூறு வேகத்துல ஒண்ணு வருதாமே? நான் படிச்சேன்."

"வருது. அது வேற வகை. ஆனா படம் தொறந்து பாக்குறதுக்கு ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதாம்மா. சீட்டுல இருக்குற நம்பரு சீட்டுலதான் இருக்கும்."

"ஆறு மடங்குக்கு மேல வித்தியாசம். அதெப்படி ஒண்ணாகும்?"

"நூறம்மாகிட்ட பேசி ஜெயிக்க முடியுமா? சரி, அது வேணும்னா வரவழைக்கணும், ஒம்போது நாளாகும். ஆனா உங்க மெஷின்ல அதுக்கு வாய் இருக்கான்னு மொதல்ல தொறந்து பாத்துடறேன்."

அன்று சாயங்காலத்துக்குள் ஒரு பள்ளிக்கூடத்தின் வகுப்புப் படங்களை முடித்துத் தர வேண்டியிருந்தது. நானூறு பிள்ளைகளின் முகம். "இப்ப தொறக்காத. வேலை நடுவுல நிக்குது. இந்த மாடல்ல பட்டை மாட்டுற வாய் இருக்குன்னு நெட்டுல படமே பாத்துட்டேன்" என்று அவனைத் தடுத்துவிட்டாள்.

அவன் போன பிறகு நோட்டில் கணக்குப் போட்டாள். ஸ்க்ரூவின் கையில் இருப்பதை மாட்டினால் ஒரு படத்துக்கு நான்கு விநாடி. ஒரு நாளைக்கு நூற்றைம்பது படம். முப்பத்தெட்டு நாளில் முடியும். வேகமானதை மாட்டினால் இரண்டு விநாடி. ஒரு நாளைக்கு இருநூறு. இருபத்தொன்பது நாளில் முடியும். வரும்வரை காத்திருக்கும் ஒன்பது நாளைச் சேர்த்தால் அதுவும் முப்பத்தெட்டு. சீட்டிலும் படித்ததிலும் இருந்த எண்களை வைத்து அவளாகப் போட்ட கணக்குதான். இரண்டும் ஒரே நாளில் வந்து நின்றதும், தராசுத் தட்டு இரண்டும் சமமாக நின்றது போல ஒரு திருப்தி. முள்ளை ஒரு பக்கம் சாய்த்தது அக்காவின் கண்: வேகமானதை எடுத்தால் அக்கா முப்பத்தெட்டு நாள் உட்கார வேண்டாம், இருபத்தொன்பது நாள் உட்கார்ந்தால் போதும். அக்காவின் கண்ணுக்கு ஒன்பது நாள் மிச்சம்.

வேகமானதையே வரவழைக்கச் சொன்னாள். அது வரும்வரை காலை வேலையையும் நிறுத்தினாள்.

"ஏன்டி? மெதுவா ஓடினாலும் ஓடிட்டுத்தானே இருக்கு?" என்றாள் அக்கா.

"சுத்துற வட்டத்தப் பாத்துப் பாத்துக் கண்ண வீணாக்குவானேன்? கண்ண வருத்தாதீங்கன்னு டாக்டரே சொன்னாருல்ல. ஒம்போது நாள் ஓய்வா இரு. புதுசு வந்ததும் ஒரே மூச்சா முடிச்சிடலாம்."

அக்கா "சரி, மெக்கானிக் நீ சொல்றே" என்றாள்.

பயன்படுத்தாத பார்வை பெட்டியில் வைத்த துணி போல அப்படியே இருக்கும் என்று நூறம்மா நம்பினாள். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஆறாம் நாள், அக்கா தம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது ஒரு விரலை உள்ளே விட்டுக்கொண்டு ஊற்றுவதை அவள் பார்த்தாள். விரல் நனைந்ததும் செம்பை நிமிர்த்தினாள் அக்கா. நூறம்மா முன்னறைக்குப் போய்ப் பார்சல் எந்த ஊரில் இருக்கிறது என்று பார்த்தாள்.

ஒன்பதாம் நாள் பார்சல் வந்தது. ஸ்க்ரூ லேப்டாப்பைக் கவிழ்த்து மூடியைக் கழற்றினான். பட்டையைச் செருகினான். பாதியில் நின்றது. திருப்பிப் பார்த்தான். குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தான். அவன் சட்டைப் பையில் ஆணிகள் குலுங்குவது நின்றது.

"நூறம்மா, இங்க பாருங்க. பட்டையோட நுனியில ஒரு வெட்டு இருக்கா? உங்க மெஷின் வாய்ல தடுப்பு அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம். ரெண்டு வெட்டு இருக்குற பட்டையத்தான் எடுக்கும். இது உள்ளயே போகாது."

"கொஞ்சம் அழுத்திப் பாரேன்."

"அழுத்துனா உடையும்."

நூறம்மா தானே குனிந்து பார்த்தாள். வாயின் உள்ளே ஒரு மயிரிழைத் தடுப்பு. முகத்தில் இருக்கும் ஒரு முடியைக்கூட விடாத கண்ணுக்கு, படத்தில் பார்த்தபோது இது தப்பியிருந்தது. படத்தில் வாய் இருந்தது. அது எந்தப் பக்கம் திறந்த வாய் என்று பார்க்கவில்லை.

"அன்னைக்கு நீ காட்டினது?"

"அது ரெண்டு வெட்டு. அது போயிருக்கும்."

"அதையே குடு, இப்பவே மாட்டு."

"அத அன்னைக்கே வேற ஒருத்தர் வாங்கிட்டாரும்மா. நீங்கதான் வேணாம்னுட்டீங்களே." ஸ்க்ரூ அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான். "நாளைக்கே சொல்லி விடறேன். பத்து நாளைக்குள்ள வந்துடும்."

அந்தப் பத்து நாளாவது பழைய தட்டிலேயே பார்க்கலாம் என்று நூறம்மா நினைக்காமல் இல்லை. மறுநாள் காலை அக்காவைக் கூப்பிடவும் போனாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். "வரட்டும்டி, புதுசே வரட்டும். இவ்ளோ நாள் இருந்தாச்சு" என்றாள். அவள் குரலில் இருந்த சோம்பலைத் தங்கை ஓய்வு என்று எடுத்துக்கொண்டாள். அது பயம். பார்த்தால் எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்று கண்டுபிடித்துவிடுவோமோ என்ற பயம். அது பின்னால்தான் புரிந்தது.

பதினாறாம் நாள், விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே, "லைட்டப் போடேன்" என்றாள் அக்கா.

நூறம்மா எழுந்து போய் விளக்கை அணைத்துவிட்டு மறுபடியும் போட்டாள், சத்தம் கேட்கட்டும் என்று.

பத்தொன்பதாம் நாள் மத்தியானம் ஸ்க்ரூ வந்து மாட்டினான். பழைய தட்டைக் கழற்றி, ஒரு சின்னப் பெட்டிக்குள் போட்டு வயரில் மாட்டி, எல்லாவற்றையும் புதியதற்கு ஏற்றிவிட்டு, ஒரு படத்தைத் தட்டினான். மங்கல், தெளிவு. அவ்வளவுதான். நூறம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு விநாடி.

"இது அந்த ஐந்நூத்தம்பதுதானே?"

"அதேதான். அன்னைக்கே சொன்னேனே, பாக்குறதுக்கு ரெண்டும் ஒண்ணுதான்னு." திருகாணிகளை முடுக்கியபடி அவன் சாதாரணமாகக் கேட்டான், "ஆமா, வச்சுக்கறதா தள்ளறதான்னு பாக்குறதுக்கு எதுக்கு ஒவ்வொண்ணையும் முழுசாத் தொறக்கறீங்க? ஒவ்வொரு படத்துக்குள்ளயும் கேமராவே சின்னதா ஒரு பிரதி வச்சிருக்குமே. அந்தச் சின்ன சைஸ்ல பாத்தா பழைய தட்டுலயே சரசரன்னு ஓடியிருக்குமே!"

அவன் போன பிறகு நூறம்மா, வயரில் தொங்கிய பழைய தட்டிலிருந்து படங்களைச் சின்ன அளவில் திறந்தாள். ஒரு கை அகலத்தில் படங்கள். அம்புக்குறிப் பொத்தானை அழுத்த அழுத்த முகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, வட்டம் சுற்றவில்லை, விநாடி எண்ண எதுவும் இல்லை. முப்பது வருடமாக அவள் ஒரு படத்தையும் சின்னதாகப் பார்த்ததில்லை. சின்னதாகப் பார்ப்பது வேலை தெரியாதவர்கள் செய்வது.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. குழாய் வழியாகப் பார்ப்பவளுக்குத் திரை நிறைந்த படம் எதற்கு? மூக்கைத் திரையில் ஒட்டிக்கொண்டு, தலையை இடமும் வலமும் ஆட்டி, துண்டு துண்டாக அக்கா ஒரு முகத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தாளே! கை அகலப் படம் குழாய்க்குள் முழுசாக அடங்கியிருக்கும்.

மறுநாள் காலை மருந்து விட்டுக் கால் மணி கழித்து அக்கா வந்து உட்கார்ந்தாள். நாற்காலியைத் தடவித்தான் உட்கார்ந்தாள். நூறம்மா படத்தைச் சின்னதாக வைத்தாள்.

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சுக்கா."

அக்கா மூக்கைக் கொண்டுபோனாள். தலையை மெல்ல இடப்பக்கம் நகர்த்தினாள், வலப்பக்கம் நகர்த்தினாள். மேலே, கீழே. அவள் மூச்சுப் பட்டுத் திரையில் ஒரு புகைப்புள்ளி தோன்றி மறைந்தது.

"வெளிச்சமா இருக்கு" என்றாள்.

"முகம்?"

"வெளிச்சம் தெரியுதுடி. வேற ஒண்ணும் இல்ல."

அடுத்ததைத் திறந்தாள். அடுத்ததை. பெரிதாக்கிப் பார்த்தாள், சிறிதாக்கிப் பார்த்தாள். இருபது நிமிடமும் ஆயிற்று. அக்கா ஒரு தடவைகூட "வை" என்றோ "தள்ளு" என்றோ சொல்லவில்லை.

"நான் சொல்லட்டுமா? நான் பாத்துச் சொல்றேன், நீ கேட்டுட்டு முடிவு பண்ணு."

"சொல்லு, பாப்போம்."

"ஒரு ஆளு. நாப்பது வயசிருக்கும். நீலச் சட்ட, காலர் நைஞ்சிருக்கு. நெத்தியில சின்னதா ஒரு கீறல். பானெட் மேல கை வச்சிருக்கான், நகத்துல கிரீஸ்."

"அவன் நகத்த யாருடி கேட்டா? எப்படிப் பாக்குறான்?"

"உன்னத்தான் பாக்குறான்."

"எல்லாரும் என்னத்தான் பாத்தாங்க. எப்படின்னு கேக்குறேன்."

நூறம்மா அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தாள். தோல் தெரிந்தது, நிழல் தெரிந்தது. "பயந்த மாதிரி... இல்ல, களைச்ச மாதிரி" என்றாள். இன்னும் இரண்டு படம் சொன்னாள். மூன்றாவதில் அக்கா கையை உயர்த்தினாள்.

"போதும். நீ நல்லாத்தான் சொல்றே. ஆனா அது நீ பாக்குறது."

நடந்ததைச் சொல்லாமலே இருந்துவிடலாம் என்றுதான் நூறம்மா முந்தின நாள் ராத்திரி முழுக்க நினைத்திருந்தாள். ஆனால் வாய் திறந்துவிட்டது. ஸ்க்ரூ முதல் நாளே பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதையும், தான் தடுத்ததையும், முப்பத்தெட்டும் முப்பத்தெட்டும் சமமாக வந்த கணக்கையும், கடைசியில் எதுவுமே மாட்டாமல் பழைய தட்டிலேயே சின்னதாகப் பார்த்திருக்கலாம் என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். கண்ணோரத்தில் தொடங்கிக் காது மடல் வரை பார்ப்பது போல, எதையும் தாண்டாமல் சொன்னாள்.

"எத்தன நாளு?" என்றாள் அக்கா.

"பத்தொம்போது."

"சின்னதா பாத்திருந்தா ஒரு நாளைக்கு எத்தன?"

அந்தக் கணக்கையும் அவள் போட்டிருந்தாள். "எரநூத்தம்பது, முந்நூறு வரைக்கும்."

அக்கா மனக்கணக்குப் போடுவது உதட்டில் தெரிந்தது. பத்தொன்பது நாளில் கிட்டத்தட்ட எல்லாமே முடிந்திருக்கும். அக்கா எண்ணிப் பார்த்து அந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததும் உதடு நின்றது.

"திட்டுக்கா. ஏதாவது சொல்லேன்."

"திட்டத்தான் போறேன். இன்னைக்கு இல்ல. இன்னைக்கு எனக்குத் திட்டக்கூடத் தெம்பு இல்ல." கொஞ்சம் பொறுத்து, "நல்லதுக்குத்தானே பண்ணேன்னு மட்டும் சொல்லிடாத. அத நானே சொல்லிப்பேன்" என்றாள்.

நூறம்மா எழுந்து போய்க் காப்பி போட்டாள். அக்காவின் கையைப் பிடித்துத் தம்ளரை வைத்தபோது அக்கா கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

அக்கா அந்த வாரம் முழுக்கத் திட்டவில்லை. அடுத்த வாரம் ஒரு நாள் உப்பு கூடிப்போனதற்குப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் திட்டினாள். உப்புக்கு அவ்வளவு திட்டு வராது என்று இருவருக்கும் தெரியும். நூறம்மா தலை குனிந்து முழுவதையும் வாங்கிக்கொண்டாள். திட்டி முடித்துவிட்டு அக்கா கேட்டாள்:

"நான் 'வை'ன்னு சொன்னது எத்தன?"

"முப்பத்தொண்ணு."

"அதப் பிரிண்ட் போடு. அத மட்டும்."

"மிச்சம்?"

"மிச்சத்த நான் பாக்கலயே. நான் பாக்காதத எப்படி என்னோடதுன்னு சொல்றது? அழிக்காத, யாருக்கும் காட்டவும் வேணாம். அப்படியே கெடக்கட்டும்."

மறுநாள் நூறம்மா முப்பத்தொரு படத்தையும் தயார் செய்தாள். ஒரு தூசியைக்கூட அவள் எடுக்கவில்லை. ஒவ்வொன்றும் இரண்டு விநாடியில் திறந்தது. திறந்து, அனுப்பி, மூட, எல்லாம் சேர்ந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இன்னும் கொஞ்சம் நேரம் பிடித்திருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது.

சாயங்காலம் லேபிலிருந்து படங்கள் வந்தன. உறையைப் பிரித்து, படக்கட்டை அக்காவின் இரண்டு உள்ளங்கையிலும் வைத்தாள். அக்கா ஓரங்களைத் தட்டிச் சீராக்கினாள். கட்டைவிரலால் கனத்தை அளந்தாள். கட்டு முழுவதும் கைக்கு வந்த பிறகும், இன்னும் ஏதோ வரப்போவதுபோல ஒரு கையை நீட்டியபடி வைத்திருந்தாள்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான்க்கா."